விளக்கு எரிகிறது, யாரிடம் போவது? பழைய காருக்கு ஐந்து வழிகள்

தைப்பூசக் காவடிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது என் மனைவியின் தம்பி தொலைபேசியில் கூப்பிட்டார். அவருடையது 2004ஆம் ஆண்டு டொயோட்டா ரன்எக்ஸ். "அத்தான், மஞ்சள் விளக்கு எரிகிறது. வண்டி நன்றாகத்தான் ஓடுகிறது. ஒருவர் ஸ்கேனர் வாங்கு என்கிறார், ஒருவர் ஏஜென்டிடம் கொண்டு போ என்கிறார், பக்கத்து வீட்டு அண்ணன் பாட்டரி வயரைக் கழற்றி மாட்டினால் போதும் என்கிறார். காவடி முடிந்ததும் ஜோகன்னஸ்பர்க் போக வேண்டும். யார் பேச்சைக் கேட்பது?"

டர்பன் பக்கத்தில், எங்கள் சாட்ஸ்வர்த்தில் மட்டுமல்ல, ஃபீனிக்ஸிலும் டோங்காட்டிலும் இருக்கும் சொந்தக்காரர்களும் இதையேதான் கேட்கிறார்கள். இருபது வருடத்து வண்டிகளை ஓட்டுகிறவர்கள் நம்மில் அதிகம். அவருக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

## முதலில், எந்த விளக்கு?

சிவப்பில் எண்ணெய்க் கிண்ணமோ வெப்பமானியோ தெரிந்தால் இந்தக் கட்டுரையை மூடிவிட்டு வண்டியை ஓரங்கட்டி இன்ஜினை அணையுங்கள். அது வேறு விஷயம். இங்கே பேசுவது மஞ்சள் நிறத்தில் இன்ஜின் வடிவில் எரியும் விளக்கைப் பற்றி.

அந்த மஞ்சள் விளக்கு நிலையாக எரிந்தால் வீடு போய்ச் சேரலாம், நிதானமாக யோசிக்கலாம். விட்டு விட்டு மின்னினால் அப்படி அல்ல. ஏதோ ஒரு சிலிண்டரில் பெட்ரோல் எரியாமல் அப்படியே புகைக்குழாய்க்குப் போகிறது என்று பொருள். அது அங்கே போய் எரிந்தால் புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் பழுக்கக் காய்ந்து உள்ளே உருகிவிடும். வேகத்தைக் குறைத்து, ஆக்சிலரேட்டரை மெதுவாகவே மிதித்து, அருகிலிருக்கும் பட்டறையில் நிறுத்துங்கள். மின்னுகிற விளக்குக்கு ஒப்பீடு தேவையில்லை.

## எதை வைத்து எடைபோடுவது

"எது மலிவு?" என்பதுதான் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி. எனக்கு அது மூன்றாவது கேள்வி.

முதலாவது: இந்த வழியில் போனால் காரணம் தெரியுமா, அல்லது விளக்கு எரியும்போது காரின் கணினியில் பதியும் கோளாறு எண் மட்டும் தெரியுமா? இரண்டும் வெவ்வேறு. பி 0171 என்ற எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் போதவில்லை என்பதுதான் அதன் பொருள். ஏன் போதவில்லை என்பதற்கு எங்கோ ரப்பர் குழாய் வெடித்திருக்கலாம், பெட்ரோல் பம்ப் தளர்ந்திருக்கலாம், வடிகட்டி அடைத்திருக்கலாம், காற்றளவு சென்சாரில் அழுக்குப் படிந்திருக்கலாம். எண்ணுக்கு அதெல்லாம் தெரியாது. காய்ச்சல் 102 என்று வெப்பமானி காட்டுவதைப் போலத்தான்.

இரண்டாவது: அந்தக் கருவிக்கு உங்கள் காரோடு பேசத் தெரியுமா? பழைய வண்டியில் இது பெரிய கேள்வி. மூன்றாவது பணம், கண்ணுக்குத் தெரியாத பணத்தையும் சேர்த்து. நான்காவது, வண்டி எத்தனை நாள் நிற்கும். ஐந்தாவதை யாரும் கேட்பதில்லை: கணிப்பு தவறினால் யார் காசு போகும்?

## வழி ஒன்று: சொந்த ஸ்கேனர்

ஸ்டீயரிங்குக்குக் கீழே, முழங்காலுக்கு மேலே, 16 துளைகள் கொண்ட இணைப்பான் ஒன்று இருக்கும். அதில் தீப்பெட்டி அளவுள்ள புளூடூத் துண்டைச் செருகினால் கைபேசித் திரையில் எண் வந்துவிடும். விலை சில நூறு ரேண்ட். அண்ணன் தம்பி நான்கு பேர் சேர்ந்து ஒன்று வாங்கினால் போதும், வருடக்கணக்கில் உழைக்கும்.

ஆனால் வாங்குவதற்கு முன் உங்கள் வண்டியில் ஒருமுறை செருகிப் பாருங்கள், யாரிடமாவது இரவல் வாங்கியாவது. அமெரிக்காவில் 1996 முதலும், ஐரோப்பாவில் பெட்ரோல் கார்களுக்கு 2001 முதலும் எல்லா வண்டியும் பொதுவான ஒரே முறையில் பேசவேண்டும் என்று சட்டம் வந்தது. தென்னாப்பிரிக்காவில் அப்போது அந்தக் கட்டாயம் இல்லை. அதனால் 2000களின் முதற்பாதியில் இங்கே விற்ற வண்டிகளில் துளை 16 இருந்தும் வாய் திறக்காதவை உண்டு. போதாததற்கு, சந்தையில் ஈஎல்எம் 327 என்ற பெயரில் கிடைக்கும் இந்தப் புளூடூத் துண்டுகளில் பெரும்பாலானவை போலிகள். புதிய கார்களோடு பேசும். பழைய கார்களின் மெதுவான மொழி பல போலிகளுக்கு வராது.

அதற்கும் முந்தைய வண்டி என்றால் ஸ்கேனரே வேண்டாம். 1990களின் இன்ஜெக்ஷன் டொயோட்டாக்கள் பலவற்றில் பானட்டைத் திறந்தால் சிறிய கறுப்புப் பெட்டி ஒன்று தெரியும். அதன் மூடிக்குள் டிஇ1, இ1 என்று எழுதிய இரு துளைகளை ஒரு துண்டுக் கம்பியால் இணைத்துச் சாவியைத் திருப்பினால் விளக்கே எண்ணைச் சிமிட்டும். இரண்டு சிமிட்டு, இடைவெளி, இரண்டு சிமிட்டு: 22, அதாவது தண்ணீர் வெப்ப சென்சார். துளை மாறினால் மின்சாதனம் போய்விடும், எனவே மூடியில் எழுதியிருப்பதைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படியுங்கள்.

ஸ்கேனரின் உண்மையான மதிப்பு எண்ணில் இல்லை, ஓடும் அளவுகளில் இருக்கிறது. 'ஃப்யூயல் ட்ரிம்' என்று ஒரு சதவீதம் திரையில் வரும். கணினி தன் கணக்குக்கு மேல் எவ்வளவு பெட்ரோலைக் கூட்டுகிறது, குறைக்கிறது என்பதே அது. பத்துக்குள் கூடக்குறைய இருந்தால் கவலையில்லை. நின்ற இடத்தில் இன்ஜின் ஓடும்போது 20க்கு மேல் ஏறி, நிமிடத்துக்கு 2500 சுற்றுக்கு உயர்த்தியதும் 5க்கு இறங்கினால், எங்கோ காற்று திருட்டுத்தனமாக உள்ளே நுழைகிறது. நேர்மாறாக, வேகமும் சுமையும் கூடக்கூடச் சதவீதமும் ஏறினால் பெட்ரோல் வரத்தையோ காற்றளவு சென்சாரையோ பாருங்கள். இந்த ஒரு சோதனை மட்டும் பல ஆயிரம் ரேண்டைக் காப்பாற்றும்.

மறைந்திருக்கும் செலவு ஸ்கேனரில் அல்ல, அதை வைத்திருப்பவரின் துணிச்சலில் இருக்கிறது. ஆக்சிஜன் சென்சார் (புகைக்குழாயில் மிஞ்சும் ஆக்சிஜனை அளப்பது) என்று எண் சொன்னதும் ஆக்சிஜன் சென்சார் வாங்கிவிடுவார். இணையக் காணொளிகள் வேறு. 'பெட்ரோல் மூடியை இறுக்குங்கள், விளக்கு அணையும்' என்று அமெரிக்கர் சொல்வார். அது பெட்ரோல் ஆவிக் கசிவை வண்டி தானே சோதிக்கும் அமெரிக்க விதிமுறைக்குப் பொருந்தும். ஐரோப்பிய விதிமுறை அதைக் கேட்பதில்லை. நம் பழைய வண்டிகள் பலவற்றில் அந்தச் சோதனையே கிடையாது. கேட்டலிடிக் கன்வெர்ட்டர் பற்றிய அறிவுரையும் அப்படித்தான். ஈயம் கலந்த பெட்ரோல் இங்கே 2006இல்தான் ஒழிந்தது. அதற்கு முன் விற்ற வண்டிகளில் கன்வெர்ட்டரே இல்லாதவை ஏராளம்.

இன்னொன்று: எண்ணை எழுதி வைக்காமல் 'அழி' பொத்தானை அழுத்தாதீர்கள். விளக்கு எரிந்த நொடியில் வேகம், வெப்பம், சுமை எல்லாம் என்ன என்று கணினி ஒரு குறிப்பு வைத்திருக்கும். அழித்தால் அதுவும் போய்விடும்.

## வழி இரண்டு: தெருப் பட்டறை

வீட்டின் பின்புறத்தில் தகரக் கூரை போட்டு, இரண்டு வண்டி நிற்கும் இடத்தில் நான்கு வண்டி நிறுத்தியிருக்கும் அண்ணன்மார்களைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது. ரன்எக்ஸும் கொரோலாவும் அவர்கள் கைக்கு மனப்பாடம். அம்கேனி சாலையில் எந்தக் கடையில் எந்தப் பாகம் நியாய விலைக்குக் கிடைக்கும் என்பதும் தெரியும். கூலி குறைவு, அன்றே வண்டி கைக்கு வரும்.

நல்லவரை எப்படி அடையாளம் காண்பது? மாற்றுவதற்கு முன் சோதிப்பார். பி 0301, அதாவது முதல் சிலிண்டரில் எரியவில்லை என்று வந்தால், முதல் சிலிண்டரின் காயிலை, அதாவது பிளக்குக்கு மின்பொறி தரும் பாகத்தை, கழற்றி இரண்டாவதில் மாட்டி ஓட்டிப் பார்ப்பார். எண் 0302 ஆக மாறினால் காயில்தான் குற்றவாளி. மாறாவிட்டால் பிளக், இன்ஜெக்டர் என்று தேடுவார். இதற்கு ஒரு சென்ட் செலவில்லை.

சோதிக்காதவரிடம் நான் மாட்டினேன். என்னுடையது 2003 கொரோலா. பி 0171 வந்தது. பக்கத்துத் தெருப் பட்டறைக்காரர் எண்ணைப் படித்தார், "ஆக்சிஜன் சென்சார்தான், எனக்குத் தெரியாதா?" என்றார். புதியதைப் போட்டார், காசு வாங்கினார், விளக்கும் அணைந்தது. ஒன்பதாம் நாள் மறுபடி எரிந்தது. திரும்பப் போனபோது, "அப்படியென்றால் பெட்ரோல் பம்ப்" என்றார். அங்கேதான் நான் விழித்துக்கொண்டேன். மனிதர் மோசமானவர் இல்லை; அவரிடம் இருந்தது எண் படிக்கும் கருவி மட்டும். அவர் ஊகத்துக்கான கட்டணம் என் பையிலிருந்து போனது.

எனவே ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "எப்படித் தெரிந்தது, அண்ணே?" பதிலில் ஒரு சோதனை இருந்தால் சாவியைக் கொடுக்கலாம். அனுபவம் மட்டும் இருந்தால் இன்னொரு பட்டறையையும் பாருங்கள்.

காரணம் ஏற்கெனவே தெரிந்துவிட்ட வேலைக்கு, அதாவது குழாய், காயில், பிளக், கேஸ்கெட் மாற்றுவதற்கு, தெருப் பட்டறையை விடச் சிறந்த இடம் இல்லை.

## வழி மூன்று: கண்டறிவதையே தொழிலாகக் கொண்டவர்

ஆட்டோ எலக்ட்ரீஷியன் என்ற பலகை தொங்கும். சிலர் வேனில் கருவிகளோடு வீட்டுக்கே வருவார்கள். இவர்கள் விற்பது பாகத்தை அல்ல, ஒரு மணி நேரத்தை. நம் ஆட்களுக்கு உறுத்துவதும் அதுதான்: "ஒன்றுமே மாற்றாமல் காசு கேட்கிறாரே!" நானும் அப்படி முணுமுணுத்தவன்தான்.

என் கொரோலாவை அப்படி ஒருவரிடம் கொண்டுபோனேன். ஸ்கேனரில் சதவீதத்தைப் பார்த்தார்: நிற்கும்போது 22, உயர்த்தினால் 5. இன்ஜினை அணைத்தார். காற்று வடிகட்டிப் பக்கத்துக் குழாயின் வாயை ஒரு ரப்பர் அடைப்பானால் மூடி, அதன் நடுவே ஒரு மெல்லிய குழாயைச் செருகினார். மறுமுனையில் அவர் தாமே செய்த புகைப்பெட்டி. உள்ளே சூடாவது குழந்தைக்குத் தேய்க்கும் எண்ணெய். பட்டறை முழுக்கக் குளியலறை மணம். ஒரு நிமிடம் ஒன்றுமில்லை. பிறகு இன்ஜினின் பின்புறத்தில், கை நுழையாத இடத்தில், விரல் பருமனுள்ள ஒரு குழாயின் வளைவிலிருந்து ஊதுபத்திப் புகை போல ஒரு வெள்ளை நூல் எழுந்தது. கண்ணாடியை அடியில் பிடித்து எனக்குக் காட்டினார். மேலிருந்து பார்த்தால் குழாய் புதிது போல இருந்தது. அடிப்பக்கம் காய்ந்து, பிளாஸ்டிக் போல விறைத்து, நகம் நீளத்துக்கு வெடித்திருந்தது. புதுக் குழாயின் விலை எங்கள் வீட்டுக்கு ஒரு வேளை பன்னி சௌ (ரொட்டிக்குள் குழம்பு) வாங்கும் செலவுகூட இல்லை.

டர்பனில் இன்னொரு தொல்லையும் உண்டு. கடல் காற்றும் புழுக்கமும் சேர்ந்து வயர் இணைப்பான்களின் உள்ளே பச்சைக் களிம்பு பிடிக்கவைக்கும். சென்சார் நன்றாகவே இருக்கும், அதன் செய்தி கணினிக்குப் போகாது. இதைப் பாகம் மாற்றிக் கண்டுபிடிக்க முடியாது. மின்னழுத்தத்தை அளந்துதான் பிடிக்க வேண்டும். விளக்கு வந்து வந்து போகிறது, மழை பெய்தால் வருகிறது, மேடேறினால் வருகிறது என்பவர்கள் நேராக இங்கே வந்துவிடுங்கள்.

குறை என்ன? முன்பதிவுக்குக் காத்திருக்க வேண்டும். 'கட்டணம் கண்டறிவதற்கு மட்டும், சரிசெய்வது தனி' என்பதை முன்பே தெரிந்துகொள்ள வேண்டும். பலகை மாட்டியவர் எல்லாரும் இந்த வகை இல்லை. பாட்டரியும் ஆல்டர்னேட்டரும் விற்பதோடு சரி என்றிருப்பவர்களும் அதே பலகையைத்தான் மாட்டியிருக்கிறார்கள். "புகைச் சோதனை செய்வீர்களா?" என்று தொலைபேசியில் கேட்டாலே பாதி விடை கிடைத்துவிடும்.

## வழி நான்கு: ஏஜென்ட்

கார் நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்ற பட்டறை. அவர்கள் கருவி அந்த வண்டியின் எல்லாக் கணினிகளோடும் பேசும். சாவி அங்கீகாரம், கணினியை மாற்றிப் பதிவுசெய்வது, நிறுவனமே திரும்பப் பெற்றுச் சரிசெய்யும் குறைகள் ஆகியவற்றுக்கு இங்கேதான் போக வேண்டும். மற்றபடி இருபது வருட வண்டிக்கு நான் போகமாட்டேன். அங்கே இருக்கும் இளைஞர்கள் பழகியது புது வண்டிகளில். குழாய் வெடித்ததற்கு முழுத் தொகுப்பையும் அசல் பாகமாக மாற்றும் மதிப்பீடு வரும். அந்தத் தொகை சில சமயம் காரின் விலையோடு போட்டி போடும்.

2021 ஜூலையில் வணிகப் போட்டி ஆணையத்தின் வழிகாட்டுதல்கள் வந்தபிறகு, உத்தரவாதக் காலத்திலிருக்கும் வண்டிகளுக்குக்கூட வெளிப் பட்டறையைத் தேர்ந்தெடுக்க வழி பிறந்தது. உத்தரவாதம் என்றைக்கோ முடிந்த நமக்கு, ஏஜென்டை விட்டால் கதியில்லை என்ற பயம் சுத்தமாகத் தேவையில்லை.

## வழி ஐந்து: கண்டுகொள்ளாமல் விடுவது

சிரிக்காதீர்கள், அதிகம் பேர் தேர்ந்தெடுப்பது இதைத்தான். சொந்தக் காருக்கு இங்கே வருடாந்தரச் சோதனை இல்லை. கைமாறும்போதுதான் தகுதிச் சான்றிதழ். அதனால் ஐந்து வருடம் விளக்கோடு ஓடும் வண்டிகளையும் பார்த்திருக்கிறேன்.

சில நாள் பொறுத்துப் பார்ப்பதில் தவறில்லை. கோளாறு தற்செயலானதாக இருந்தால் பொதுவாக மூன்று ஓட்டங்கள் தொடர்ந்து ஒழுங்காக இருந்ததும் விளக்கு தானே அணையும். பதிவான எண் சுமார் 40 முறை இன்ஜின் சூடேறி ஆறும்வரை உள்ளே இருக்கும். பாட்டரி வயரைக் கழற்றுவது இந்தச் சாட்சியத்தை அழிப்பதைத் தவிர ஒன்றும் செய்யாது. சில வண்டிகளில் ரேடியோவும் ரகசிய எண்ணைக் கேட்டுப் பூட்டிக்கொள்ளும்.

நீண்ட நாள் விடுவதன் செலவு வேறு இடத்தில் இருக்கிறது. ஒரே ஒரு விளக்குதான். அது ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்தால், நாளைக்கு வரும் இரண்டாவது கோளாறை எப்படிச் சொல்லும்?

பழைய கார் வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: இன்ஜினைக் கிளப்பாமல் சாவியை மட்டும் திருப்புங்கள். மஞ்சள் விளக்கு எரியவேண்டும், கிளப்பியதும் அணையவேண்டும். எரியவே இல்லையென்றால் பல்பைக் கழற்றியிருக்கலாம்.

## ஒரே பார்வையில்

| வழி | காரணம் தெரியுமா | செலவு | தவறினால் யார் காசு | எப்போது நல்லது |
|---|---|---|---|---|
| சொந்த ஸ்கேனர் | எண் தெரியும். பொறுமை இருந்தால் காரணமும் | சில நூறு ரேண்ட், ஒரே முறை | உங்கள் காசு | 2000களின் வண்டி, ஓய்வுள்ள சனிக்கிழமை |
| தெருப் பட்டறை | ஆளைப் பொறுத்தது | குறைவு | பெரும்பாலும் உங்கள் காசு | காரணம் தெரிந்த வேலை |
| கண்டறிபவர் | பெரும்பாலும் தெரியும் | ஒரு மணி நேரக் கூலி | பேசிக்கொள்வதைப் பொறுத்தது | வந்து போகும் கோளாறு, இரண்டாம் முறை எரிந்த விளக்கு |
| ஏஜென்ட் | தெரியும், ஆனால் பெரிய பாகமாக | மிக அதிகம் | எழுத்தில் இருக்கும் | சாவி, கணினி, திரும்பப் பெறும் குறை |
| விட்டுவிடுவது | தெரியாது | இன்று ஒன்றுமில்லை | உங்கள் காசு, பிறகு | சில நாள் பொறுத்துப் பார்க்க |

## காசு கொடுக்கும் முன் தெரிந்திருக்க வேண்டிய சட்டம்

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2011இல் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. பட்டறைக்குப் போகிறவர்களில் அதைக் கேட்டு வாங்குபவர்கள் குறைவு. அதன் 15ஆம் பிரிவின்படி, மதிப்பீடு கொடுத்து உங்கள் சம்மதம் வாங்காமல் வேலை செய்துவிட்டுக் காசு கேட்க முடியாது. கண்டறிவதற்கே கட்டணம் என்றால் அதையும் முன்கூட்டியே சொல்லி ஒப்புதல் பெற வேண்டும். மாற்றிய புதுப் பாகத்துக்கும், அதைப் பொருத்திய கூலிக்கும் மூன்று மாத உத்தரவாதம் உண்டு. 67ஆம் பிரிவு எனக்கு மிகவும் பிடித்தது: கழற்றிய பழைய பாகத்தைப் பட்டறை தனியே எடுத்து வைத்து, சுத்தமான உறையிலோ பெட்டியிலோ உங்களிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும், நீங்களாக வேண்டாம் என்று சொன்னாலொழிய.

மைத்துனருக்கு என்ன சொன்னேன்? என் ஸ்கேனரைக் கொடுத்தேன். பி 0303 வந்தது. மூன்றாவது காயிலை இரண்டாவதோடு மாற்றச் சொன்னேன். எண் 0302 ஆனது. பழைய காயில் தெருவில் ஓடும்போது தாக்குப்பிடிக்கும், பீட்டர்மாரிட்ஸ்பர்க் மேட்டிலும் வான் ரீனன் கணவாயிலும் ஐந்து பேரையும் சாமான்களையும் சுமக்கும்போது காலை வாரும். தெருப் பட்டறை அண்ணன் அரை மணி நேரத்தில் புதியதைப் பொருத்தினார். காவடியும் முடிந்தது, பயணமும் முடிந்தது.

என் கொரோலாவில் தேவையில்லாமல் கழற்றிய ஆக்சிஜன் சென்சாரை அன்று நான் கேட்டு வாங்கி வந்திருந்தேன். இரண்டாவது வருடம், மூன்று மாத உத்தரவாதமெல்லாம் முடிந்த பிறகு, அந்தப் புது மலிவு சென்சாரின் உள்ளே சூடேற்றும் கம்பி போய் பி 0135 வந்தது. பெட்டியிலிருந்து பழையதை எடுத்து நானே மாட்டினேன். இன்றும் அதுதான் ஓடிக்கொண்டிருக்கிறது.